விவிடி சொலினாய்டு பழுதா? முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு என் காரில் செக் என்ஜின் லைட் எரிந்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுக்கம் வரும். ஏசி போட்டால் சில சமயம் என்ஜின் அப்படியே நின்றுவிடும். வொர்க்ஷாப்பில் ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு, “பி0011 காட்டுது சார், விவிடி சொலினாய்டு போயிடுச்சு” என்றார்கள். பி0011 என்பது ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு, அதாவது ‘கோடு’. விவிடி சொலினாய்டு என்பது வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற ஆயிலை வழிதிருப்பும் ஒரு சின்ன மின்வால்வு. புதிதாக ஒன்று மாட்டினார்கள். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் அதே லைட், அதே நடுக்கம்.

அடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. பானட்டைத் திறந்து, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, இரண்டு விரலால் ஆயிலைத் தேய்த்துப் பார்த்தார். தார் மாதிரி கறுத்திருந்தது. அளவும் கீழ்க்குறிக்குக் கீழே. பழைய பில்லைப் பார்த்தால், மெல்லிய 5டபிள்யூ-30 ஆயில் ஊற்ற வேண்டிய என்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். புது சொலினாய்டைக் கழற்றியபோது அதன் சல்லடையிலும் கசடு ஏறியிருந்தது. ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, சொலினாய்டைக் கழுவி மாட்டினார். அந்தப் பி0011 கோடு அதன்பிறகு வரவில்லை. சொலினாய்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் போனது போனதுதான்.

அந்தப் பணம் உங்களுக்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பழுதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. என்ஜினுக்குள் ஆயில் எங்கே போகிறது, எதைத் தள்ளுகிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் வால்வுகள். பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரின் தலைப்பகுதியிலும் இரண்டு வகை வால்வுகள் உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்டேக் வால்வு, எரிந்த புகை வெளியே போக எக்ஸாஸ்ட் வால்வு. இவற்றைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட். அதன் மீதுள்ள முட்டை வடிவப் புடைப்புகள் சுழலும்போது வால்வை அழுத்தித் திறக்கும். புடைப்பு தாண்டியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட்தான் ஒரு செயின் அல்லது பெல்ட் வழியாகக் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆர்பிஎம் மீட்டர் 3000 காட்டும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் சிக்கல். வயலுக்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும்போது வரத்துக்கு ஒரு உந்துதல் இருக்கும். மடையைச் சற்றுத் தாமதமாக அடைத்தாலும் தண்ணீர் வயலுக்குள்தான் போகும். வரத்து மெதுவாக இருக்கும்போது தாமதித்தால், வயலில் நின்ற தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பிவிடும். என்ஜினிலும் அதே கதைதான். அதிக வேகத்தில் இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் காற்று தன் வேகத்தாலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே அடைந்துகொள்ளும். குறைந்த வேகத்தில் அதே தாமதம் நடந்தால், மேலேறும் பிஸ்டன் காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும், பிக்கப் போய்விடும். பழைய என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து நிரந்தரமாக வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தை ஓடும்போதே மாற்றிக்கொள்வதுதான் விவிடி. பிஎம்டபிள்யூ இதை 1992-இல் ‘வானோஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. டொயோட்டாவில் ‘விவிடி-ஐ’, ஹூண்டாயில் ‘விடிவிடி’, மாருதி சுசுகியில் வெறும் ‘விவிடி’. பெயர் எதுவானாலும், இன்று ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அடிப்படை ஒன்றுதான். கேம்ஷாஃப்ட்டின் முனையில் செயின் சுற்றும் பல்சக்கரம் இருக்கிறதல்லவா, அது கேமோடு நேரடியாக முடுக்கப்பட்டிருக்காது. நடுவில் வட்டமான ஒரு பெட்டி இருக்கும். அதன் பெயர் ஃபேசர். பெட்டியின் வெளிச்சுவர் செயினோடு சுற்றும். உள்ளே இறக்கைகள் கொண்ட ஒரு பகுதி கேமோடு சுற்றும். ஒவ்வொரு இறக்கைக்கும் இரு பக்கமும் ஆயில் நிற்கும் அறைகள். ஒரு பக்க அறையில் ஆயிலை அழுத்தினால் இறக்கை சில டிகிரி முன்னே நகரும், வால்வுகள் சீக்கிரம் திறக்கும். மறுபக்கம் அழுத்தினால் பின்னே நகரும், தாமதமாகத் திறக்கும்.

எந்த அறைக்கு ஆயிலை அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் நம்முடைய சொலினாய்டின் வேலை. வீட்டு வாசலில் ‘டிங்-டாங்’ என்று அடிக்கும் மணியைத் திறந்து பார்த்திருந்தால் சொலினாய்டு உங்களுக்குப் புதிதல்ல. செம்புக் கம்பிச் சுருள், அதன் நடுவே ஒரு இரும்புத் தண்டு. கரண்ட் பாய்ந்தால் தண்டு பாயும். நிறுத்தினால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். விவிடி சொலினாய்டில் அந்தத் தண்டு, பள்ளங்கள் வெட்டிய ஒரு சின்ன உருளையை நகர்த்துகிறது. உருளை நிற்கும் இடத்தைப் பொறுத்து ஆயில் ஒரு வழியிலோ மறுவழியிலோ போகும். நடுவில் நின்றால் இரண்டு வழியும் அடைபட்டுக் கேம் இருக்கும் இடத்திலேயே நிற்கும். என்ஜினின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, கரண்ட்டை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுக் கொடுத்து உருளையை வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது. இதனால்தான் இதை ஆயில் கண்ட்ரோல் வால்வு என்றும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெயரே பொருத்தம். சொலினாய்டு என்றவுடன் நம் மனம் ஒயரை நினைக்கிறது, ஆயிலை மறந்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆயில் உராய்வைக் குறைக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். விவிடி என்ஜினில் அதே ஆயில் ஜேசிபியின் கையைத் தூக்கும் ஹைட்ராலிக் திரவம் போலவும் வேலை செய்கிறது. உருளைக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிக மிக நுட்பமானது. சின்னத் துகள் ஒன்று போய் உட்கார்ந்தாலும் உருளை சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பல என்ஜின்களில் இந்த வால்வுக்கு முன்னால், அல்லது அதன் உடம்பிலேயே, மெல்லிய சல்லடை வைத்திருக்கிறார்கள்.

சரி, சிக்கினால் என்ன ஆகும்? இன்டேக் கேம் முன்னே நகர்ந்த நிலையில் சிக்கினால் ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டம், கெடும். எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடுவதால் எரிந்த புகை இன்டேக் பக்கம் கலக்கும். என்ஜின் குலுங்கும், நிற்கும். வண்டி வேகமெடுத்தபின் அதே என்ஜின் ஒரு குறையும் இல்லாததுபோல ஓடும். மாறாக, பெரும்பாலான என்ஜின்களில் இன்டேக் கேமின் ஓய்வு நிலை பின்தங்கிய நிலைதான்; அங்கேயே சிக்கினால் ஐட்லிங் நன்றாகவே இருக்கும். மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும், ஓவர்டேக் செய்யும்போது வண்டி தயங்கும், மைலேஜ் இறங்கும். என் கார் முதல் வகை. இரண்டாவது வகைதான் ஏமாற்றக்கூடியது. ஓட்டுபவருக்குக் குறை மெல்லப் பழகிவிடும், கிளட்ச் மேலோ பெட்ரோல் மேலோ பழி போடுவோம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி முன்பக்கம் ‘கடகட’ என்று சத்தம் வந்து அடங்கினால், அது வேறு சங்கதி. என்ஜின் நிற்கும்போது ஃபேசரைப் பூட்டிவைக்க உள்ளே ஒரு பின் உண்டு. அது தேய்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் வரும்வரை ஃபேசர் ஆடும். செயின் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரலாம். சொலினாய்டை மாற்றி இந்தச் சத்தத்தை நிறுத்திவிடலாம் என்று நம்பாதீர்கள்.

இப்போது கோடுகள். ஸ்டியரிங்கின் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்; ஸ்கேனர் மாட்டும் இடம் அதுதான். ஸ்கேனர் மாட்டினால் கோடு தெரியும். பி0010 என்றால் இன்டேக் கேம் சொலினாய்டின் மின்சுற்றில் கோளாறு: ஒயர் அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம், சுருள் போயிருக்கலாம். பி0011 என்றால் கேம் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னே நிற்கிறது அல்லது சொன்னபடி நகரவில்லை. பி0012 என்றால் பின்தங்கி நிற்கிறது. எக்ஸாஸ்ட் கேமுக்கு இதே வரிசையில் பி0013, பி0014, பி0015. சிலிண்டர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும் வி6 போன்ற என்ஜினில் மறுபக்கத்துக்குப் பி0020-இல் தொடங்கும் இன்னொரு வரிசை உண்டு. நம்மில் பலர் ஓட்டும் நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் கார்களுக்கு அது தேவைப்படாது.

பி0010-க்கும் பி0011-க்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் நன்றாக இருத்திக்கொள்ளுங்கள். முன்னது கரண்ட் பற்றிய புகார். பின்னது கேம் நகரவில்லை என்ற புகார். ஏன் நகரவில்லை என்று அது சொல்லவில்லை. கரண்ட் சரியாகப் போயும் ஆயில் இல்லாவிட்டால் கேம் நகராது. ஆயில் இருந்தும் சல்லடை அடைத்திருந்தால் நகராது. இரண்டும் சரியாக இருந்து ஃபேசர் தேய்ந்திருந்தாலும் நகராது. என் காரில் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் நேராக சொலினாய்டை மாற்றினார்கள்.

கோடைப் பார்த்தவுடன் அழித்துவிடச் சொல்லாதீர்கள். கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது என்று ஈசியு ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஆயில் நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில்தான் கோடு வந்திருக்கிறது என்று தெரிந்தால், ஆயில் அழுத்தம் குறைகிறதோ என்று சந்தேகிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

பி0340 போன்ற கேம் சென்சார் கோடும் சேர்ந்து வந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கேம் எங்கே நிற்கிறது என்று ஈசியு அந்த சென்சாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

அடுத்து டிப்ஸ்டிக். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும். காற்று கலந்த ஆயிலால் ஃபேசரை உறுதியாகப் பிடித்து நிறுத்த முடியாது. ஆயில் கறுத்திருப்பதால் மட்டும் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, ஓடிய ஆயில் கறுக்கும். பிசுபிசுவென்று கூழாக இருந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் கறுப்புப் படலம் தடித்து ஒட்டியிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் கிரேடு. 5டபிள்யூ-30 என்பதில் முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது” என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய கார்பரேட்டர் வண்டிகளுக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் மெல்லிய ஆயிலுக்கென்று அளந்து துளையிட்ட விவிடி என்ஜினில் கெட்டி ஆயில் சல்லடையையும் உருளையையும் தாண்டி ஃபேசரை அடையத் தாமதமாகும், காலைக் குளிரில் இன்னும் தாமதமாகும். ஈசியு நகரச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். கேம் நேரத்துக்கு நகராவிட்டால் கோடு போட்டுவிடும். எந்த வெப்பநிலைக்கு எந்த கிரேடு என்று உங்கள் காரின் மேனுவலில் இருக்கும். அதில் இல்லாததை யார் சொன்னாலும் ஊற்ற விடாதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஆயில் தப்பாக இருந்தால், வேறு எதையும் தொடும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கசடு அதிகமான என்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றிக் கழுவுவது எனக்குப் பிடிக்காது. கட்டியாக ஒட்டியிருந்த கசடு பெயர்ந்து வந்து அதே சல்லடையைத்தான் அடைக்கும். அதைவிட நல்ல ஆயிலை ஊற்றி, இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு.

ஆயில் சரியாக இருந்தும் கோடு திரும்ப வந்தால், இப்போது சொலினாய்டு பக்கம் வரலாம். பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டில், டைமிங் செயின் இருக்கும் பக்கத்தில், இரண்டு ஒயர் கொண்ட கப்ளரோடு (ஒயரைச் செருகும் இணைப்பு) இருக்கும். என்ஜின் ஆறியதும் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் பச்சை பூத்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா? ஒயரை எலி கடித்திருக்கலாம். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து சொலினாய்டின் இரண்டு பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். டொயோட்டா தன் விவிடி-ஐ என்ஜின்கள் பலவற்றுக்குத் தரும் அளவு, 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் வரை. உங்கள் வண்டிக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. புதிதாகக் கற்பவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: செம்பு சூடானால் அதன் தடை ஏறும். ஆறிய என்ஜினில் 7.4 ஓம் காட்டும் நல்ல சுருள், 90 டிகிரி சூட்டில் 9-க்கு மேல் காட்டும். சூட்டோடு அளந்துவிட்டு சொலினாய்டு போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டர் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அந்த இரண்டிலும் புதிது வாங்கத்தான் வேண்டும்.

தடை சரியாக இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். பல கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு அடங்கும் ஒரே போல்ட்தான். சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள், துளைக்குள் விழக் கூடாது. திருகினாற்போல மெல்ல ஆட்டி இழுத்தால் வந்துவிடும். சல்லடையில் கசடு இருக்கிறதா, உலோகப் பொடி மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மின்னினால் என்ஜினுக்குள் எதுவோ தேய்கிறது. பிரச்சினை இந்த வால்வோடு நிற்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் 12 வோல்ட்டை ஒன்றிரண்டு நொடி கொடுத்தால், ‘டக்’ என்ற சத்தத்தோடு உருளை நகர்ந்து, எடுத்ததும் முழுவதுமாகத் திரும்ப வேண்டும். நீண்ட நேரம் கொடுத்தால் சுருள் கருகிவிடும். சத்தம் மட்டும் கேட்டால் போதாது. பாதி வழியில் நின்றுவிடும் உருளையும் சத்தம் போடும். கண்ணால் பார்க்க வேண்டும். கார்ப் கிளீனர் (கார்பரேட்டர் கழுவும் ஸ்பிரே) அடித்துக் கழுவியபின் தயங்காமல் ஓடினால் அதையே மாட்டலாம். கழுவியும் சிக்கினால் மாற்றிவிடுங்கள்.

சில புதிய என்ஜின்களில் வால்வு, ஃபேசரின் நடு போல்ட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியே தெரிவது காந்தம் மட்டும்தான். அந்த போல்ட்டில் வீட்டில் கை வைக்காதீர்கள்.

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். என்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, கப்ளரைக் கழற்றிவிட்டு இன்டேக் சொலினாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் ஒரு நொடி கொடுப்பார்கள். என்ஜின் குலுங்க வேண்டும், நின்றாலும் நல்லதே. கேம் முழுவதுமாக முன்னே நகர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி; வால்வு, ஆயில் பாதை, ஃபேசர் மூன்றும் வேலை செய்கின்றன, இனி ஒயரிங் பக்கம் தேடலாம். எந்த மாற்றமும் இல்லாவிட்டால் ஆயில் போகவில்லை அல்லது ஃபேசர் நகரவில்லை. நல்ல ஸ்கேனர் உள்ள இடத்தில் கழற்றாமலே இதைச் செய்ய முடியும். ஈசியு கேட்ட கேம் டிகிரி, கேம் உண்மையில் நிற்கும் டிகிரி இரண்டையும் திரையில் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும்.

பி0016 வந்திருந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்புகிறது. கேமும் கிராங்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தாண்டியிருக்கலாம். அதோடு கடகட சத்தமும் இருந்தால் வண்டியை ஓட்டாமல் வொர்க்ஷாப்புக்கு எடுத்துப்போவதே நல்லது. செயின் இன்னும் தாண்டினால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும்.

சொலினாய்டை மாட்டும்போது புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடுங்கள், அதில் துளி ஆயில் தடவிக்கொள்ளுங்கள். பழைய ரிங் துளைக்குள்ளேயே ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் இறுக்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். வாங்குவதாக இருந்தால் காரின் பார்ட் நம்பரைச் சொல்லி ஒரிஜினல் வாங்குங்கள். உருளையின் நுட்பத்தில் டூப்ளிகேட்டை நான் நம்புவதில்லை. அப்புறம் கோடை அழித்துவிட்டு, டவுன் ஓட்டம், ஹைவே இரண்டும் சேர்ந்த மாதிரி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். லைட் வராவிட்டாலும் ஸ்கேனரில் ‘பெண்டிங்’ பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோளாறு இன்னும் இருந்தால் லைட் எரியும் முன் அங்கேதான் முதலில் தெரியும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவையும், டார்ச் அடித்து சொலினாய்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.